இன்சுலின் போடுபவர்கள் லோ கார்ப் தொடங்குவது எப்படி: முதலில் ஊசி, அப்புறம் தட்டு

பேலியோ, லோ கார்ப், கீட்டோ என்று எந்தப் பெயரில் சொன்னாலும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரையைக் குறைத்துவிட்டு முட்டை, மீன், கறி, பனீர், கீரை, காய், தேங்காய் என்று வயிற்றை நிரப்புவது. சர்க்கரை நோய்க்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்கு ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் ஊசி அளவு நீங்கள் இதுவரை சாப்பிட்டுவந்த சோற்றுக்காக எழுதிக் கொடுத்த அளவு. ஐந்து இட்லிக்கென்று இருக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு இரண்டு முட்டையோடு எழுந்துவிட்டால், அந்த ஐந்து இட்லி உள்ளே வந்ததா வரவில்லையா என்று இன்சுலின் பார்க்காது. அது தன் வேலையைச் செய்துகொண்டே போகும், சுகர் 70-க்குக் கீழே இறங்கும், சிலருக்கு 50, 40 என்றும் போய்விடும்.

அதனால் தட்டு மாறுகிற அதே வேளையில் ஊசியும் மாற வேண்டும், எவ்வளவு மாற வேண்டும் என்பதை உங்களுக்கு மருந்து எழுதும் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அவரிடம் போவதற்கு முன்பும் போய்வந்த பின்பும் நீங்கள் செய்ய வேண்டியவை. பெரும்பாலும் டைப் 2 உள்ள பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன், கணையம் இன்சுலினே சுரக்காத டைப் 1 பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊசி எந்த வகை?

இது தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். குப்பியை எடுத்து லேபிளைப் படியுங்கள்.

நம் ஊரில் நிறையப் பேர் போடுவது 30/70 கலவை இன்சுலின், உருட்டினால் பால் போலக் கலங்கும். அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, அரை மணி நேரத்தில் தொடங்கி நீங்கள் சாப்பிடும் அந்த வேளைக்கு ஈடு கொடுக்கும். மீதி 70 பங்கு மெதுவாக எழும்பி, போட்டு நான்கு மணி நேரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் உச்சத்தில் நிற்கும். காலை எட்டு மணிக்குப் போட்ட ஊசி மதியம் பன்னிரண்டிலிருந்து மாலை வரை பலமாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்குப் போட்டது நள்ளிரவிலிருந்து விடியும் வரை பலமாக இருக்கிறது என்று அர்த்தம். இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கலவை ஊசி போடுபவர் மதியச் சோற்றைக் குறைத்தால் அவருக்கு மூன்று, நான்கு மணிக்குத்தான் சுகர் இறங்கும். சாப்பிட்டு இவ்வளவு நேரம் ஆகிவிட்டதே, களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுப்போம் என்று படுத்துவிடுவார். இரவு உணவைக் குறைத்தவருக்கு அது தூக்கத்தில் வரும். எந்த வேளையைக் குறைத்தீர்களோ அந்த வேளைக்குப் பிறகு வரும் ஆறேழு மணி நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

கலவை ஊசியில் இன்னொரு சிக்கல், சாப்பாட்டுக்கான பங்கை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை. குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். அதனால்தான் லோ கார்ப் போகிறவர்களைப் பல மருத்துவர்கள் கலவையிலிருந்து மாற்றி, நாள் முழுக்க ஒரே சீராக வேலை செய்யும் கிளார்ஜின் மாதிரி ஒன்றும், தேவைப்பட்டால் சாப்பாட்டு வேளைக்குத் தனியாக ஒன்றும் எழுதுகிறார்கள். ஏற்கெனவே இப்படி இரண்டு வகை போடுகிறவர்களுக்கு வேலை சுலபம், எந்த வேளையில் மாவுச்சத்து குறைகிறதோ அந்த வேளை ஊசி குறையும். கிளார்ஜின் மட்டும் ஒரு வேளை போடுபவர்களுக்குக் காலை வெறும் வயிற்று அளவுதான் முக்கிய அடையாளம், அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்கள்

இன்சுலினோடு மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால் அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின், ரெமோகிளிஃப்ளோசின் என்று "கிளிஃப்ளோசின்" என்று முடியும் ஏதாவது இருந்தால் அங்கேயே நில்லுங்கள். இவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள். மலிவாகிவிட்டதால் இப்போது நிறையப் பேருக்கு எழுதப்படுகின்றன, மெட்ஃபார்மினோடு சேர்த்தே ஒரே மாத்திரையாகவும் வருகின்றன. இதைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு குறைத்து, கூடவே இன்சுலினையும் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை வந்துவிடலாம். இதில் கொடுமை என்னவென்றால் குளுக்கோமீட்டர் 150, 180 என்று சாதாரணமாகவே காட்டும், வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சு வாங்குவதும் மட்டும் இருக்கும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை. வழக்கமாக இந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் லோ கார்ப் தொடங்கச் சொல்வார்கள். ஆனால் இதை இதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும்கூடக் கொடுப்பதால் நீங்களாக நிறுத்தக்கூடாது, எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மூன்றும் கணையத்தைக் கசக்கி இன்சுலின் சுரக்க வைப்பவை. இன்சுலின் ஊசியோடு இவையும் சேர்ந்தால் லோ சுகருக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்த மாதிரி. இவற்றையும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் பெரும்பாலும் அப்படியே தொடரும். வோக்லிபோஸ், அகார்போஸ் இருந்தால் அதை நினைவில் வையுங்கள், லோ சுகர் பகுதியில் அதற்கு வேலை இருக்கிறது. பி.பி. மாத்திரையும் கணக்கில் உண்டு. மாவு குறைந்தால் உடம்பிலிருந்து உப்பும் நீரும் வெளியேறும், பி.பி. இறங்கும், பழைய மாத்திரையே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டும்.

பரிசோதனைகளில் மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் எச்பிஏ1சி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் அல்புமின், கொழுப்பு அளவு, இவை அண்மையில் எடுத்ததாக இருக்கட்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் முட்டையும் கறியுமாகச் சாப்பிடுவது சரிவராது, எவ்வளவு புரதம் என்று கேட்டுத்தான் போக வேண்டும். கண் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், பல வருடம் உயரத்தில் இருந்த சுகர் மளமளவென்று இறங்கும்போது அந்தப் பாதிப்பு கொஞ்ச காலம் கூடுவது உண்டு. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒல்லியாக இருந்து எடையும் குறைந்துகொண்டே வருகிறவர்கள், கணையத்தில் கல் என்று சொல்லப்பட்டவர்கள், சிறு வயதிலேயே இன்சுலினுக்கு வந்தவர்கள் சி-பெப்டைட் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். உங்கள் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அது சொல்லும். அது மிகக் குறைவாக இருந்தால் "சாப்பாட்டிலேயே இன்சுலினை நிறுத்திவிடலாம்" என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தொடங்கவே வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது

அரசு மருத்துவமனையோ தனியாரோ, உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "டாக்டர், பேலியோ பண்ணலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக மூன்று நாள் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை யூனிட் போட்டீர்கள், சாப்பிடும் முன் எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு. சாப்பிட்டதை "இட்லி" என்று எழுதாமல் "இட்லி 5, சாம்பார் 2 கரண்டி" என்று எழுதுங்கள். தாளைக் காட்டிவிட்டு, "காலையில் இந்த ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு முட்டையும் காயும் சாப்பிடப் போகிறேன், அப்படியானால் காலை ஊசி எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள். கேள்வி இப்படி இருந்தால் பதிலும் எண்ணாக வரும்.

மாவுச்சத்தை நன்றாகக் குறைக்கும்போது மொத்த இன்சுலினை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்துத் தொடங்குவது மருத்துவர்களிடம் உள்ள ஒரு வழக்கம். காலை 24, இரவு 16 யூனிட் போடும் ஒருவருக்கு 30 விழுக்காடு என்றால் காலை 17, இரவு 11 என்று வரும். கணக்கு எப்படிப் போகும் என்று காட்டவே இதைச் சொல்கிறேன், இதைப் பார்த்து யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம், சுகர் இப்போதே 300-ல் இருப்பவருக்கும் 130-ல் இருப்பவருக்கும் ஒரே குறைப்பு ஆகாது. அப்புறம் இன்னும் மூன்று கேள்வி: சாப்பிடும் முன் சுகர் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் ஊசியைக் குறைத்துப் போடுவது, எவ்வளவுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் கூட்டுவது, நடுவில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது. மூன்றுக்கும் பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சுகர் பார்த்து மருந்து கொடுக்கிறவர்கள் இருந்தால் அவர்களிடமும் இந்த மாற்றத்தைச் சொல்லிவையுங்கள், ஆனால் ஊசி அளவை மாற்றுவது அவர்கள் வேலை இல்லை.

மருத்துவர் ஒத்துக்கொள்ளவே இல்லையா? சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்வது அரிது. நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்பதே லோ கார்ப் கணக்கில் வந்துவிடும், 50 கிராமுக்குக் கீழே போவது அதில் கடுமையான வகை. இன்சுலின் போடுபவர்கள் நேராக 30 கிராமுக்குக் குதிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

சிரிஞ்சு விஷயத்தில் கவனம்

ஊசி வகை மாறும் எல்லாருக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதே செறிவில் குப்பியாகவும் சில வருகின்றன, அவற்றுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். 100 யூனிட் மருந்தைப் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 12 யூனிட் இல்லை, 30 யூனிட். இரண்டரை மடங்கு. பேனா ஊசி தீர்ந்துபோன நேரத்தில் அதன் கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண சிரிஞ்சில் இழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது குப்பியைக் கையில் எடுத்துப்போய், குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். சாப்பாடும் குறைந்து மருந்தும் கூடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வேளையில் தொடங்குவது?

காலையில். ஒரே ஒரு வேளை. மதியமும் இரவும் பழையபடியே, அதே அளவில், அதே நேரத்தில் இருக்கட்டும். காலை உணவை மாற்றினால் அடுத்த எட்டு மணி நேரமும் நீங்கள் விழித்திருப்பீர்கள், வீட்டில் ஆள் இருக்கும், குத்திப் பார்க்கலாம். நான்கைந்து நாள் பார்த்து அளவுகள் ஒரு நிலைக்கு வந்த பிறகு மதியம், அதன் பிறகு கடைசியாக இரவு. ஆளாளுக்கு ஆர்வத்தில் இரவு உணவை முதலில் விடுகிறார்கள், இன்சுலின் போடுபவருக்கு அதுதான் மோசமான தொடக்கம். கலவை ஊசி போடுபவர்கள் காலையை மாற்றிய நாள்களில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது, காலை ஊசியின் 70 பங்கு அந்த நேரத்தில்தான் எழும்புகிறது.

ஊசியைப் போட்டுவிட்டுச் சமைக்க ஆரம்பிக்காதீர்கள். சாப்பாடு தயார் என்ற பிறகு ஊசி.

எதில் எவ்வளவு மாவு?

கையளவு இட்லி ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம், ஒரு கிண்ணம் என்றால் 45-ஐத் தொடும், நம் வீட்டுத் தட்டில் போடுவது இரண்டு மூன்று கிண்ணம் என்பதை அளந்து பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒரு வாரத்துக்காவது சமையல் தராசு ஒன்று வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள், அப்புறம் கண்ணே பழகிவிடும். சப்பாத்தி ஒன்றில் சுமார் 20 கிராம். இரவில் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டு, நான் சோற்றையே நிறுத்திவிட்டேன் என்று சொல்பவர்கள் 60 கிராம் மாவைச் சாப்பிட்டிருக்கிறார்கள். சிறுதானியமும் அப்படித்தான். தினை, சாமை, வரகு, கேழ்வரகு எல்லாவற்றிலும் வேகவைக்காத நூறு கிராமுக்கு 60-லிருந்து 70 கிராம் வரை மாவு இருக்கிறது, அரிசியைவிட நார் கூடுதல், சத்தும் கூடுதல், ஆனால் லோ கார்ப் இல்லை. கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், நான் வாதாட வேண்டியதே இல்லை. ஓட்ஸும் அதே கணக்கு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரைதான்.

சுண்டலில் ஒரு விஷயம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோற்றளவு மாவு உண்டு, நார் நிறைய இருப்பதால் மெதுவாக ஏறும். வேண்டாம் என்று சொல்லவில்லை, அரைக் கிண்ணம் சாப்பிடுங்கள், ஆனால் கணக்கில் எழுதுங்கள். சாம்பாரும் பருப்பும் அப்படியே.

முட்டை, மீன், கோழி, ஆட்டுக்கறியில் மாவு கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். பனீர், டோஃபு, காளானில் கொஞ்சம். கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கை, சுரை, முட்டைகோஸ், காலிஃபிளவர், அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, முள்ளங்கி, வெண்பூசணி, எல்லாக் கீரையும் தாராளமாக. உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு, சேனை, வாழைக்காய் இவற்றைத் தள்ளுங்கள். பால் 100 மில்லியில் 5 கிராம், தயிரில் அதைவிடச் சற்றுக் குறைவு.

ஒரு மதியத் தட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், தட்டில் பாதிக்குக் கோஸ் பொரியலும் தேங்காய் போட்ட கீரைக் கூட்டும், அதன் பக்கத்தில் இரண்டு துண்டு மீன் அல்லது ஒரு கை பனீர் வறுவல், குழம்பை ஊற்றிப் பிசைய அரைக் கிண்ணம் சோறு, கடைசியில் சோறில்லாமல் ஒரு டம்ளர் மோர். இந்த அரைக் கிண்ணம் சோற்றை நான் வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். முழுக்க நிறுத்தியவர்கள் மூன்றாவது வாரம் பிரியாணிக்கு ஓடுவதைவிட, குறைந்த ஊசியோடு அரைக் கிண்ணம் சோறு சாப்பிட்டுப் பல மாதம் தொடர்வது நல்லது. காலைக்கு இரண்டு மூன்று முட்டை ஆம்லெட்டில் வெங்காயம், முருங்கைக்கீரை போடுங்கள். சைவர்களுக்குப் பனீர் புர்ஜி, அல்லது தேங்காய்ச் சட்னியோடு பாசிப்பயறு அடை ஒன்று. காலையில் நூறு பாதாம் என்பது பேலியோ வட்டாரத்தில் பிரபலம், வசதி இருந்தால் சாப்பிடுங்கள், அந்த விலை கட்டாது என்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். அதிலும் மாவு குறைவுதான்.

எப்போதெல்லாம் குத்திப் பார்ப்பது?

மாற்றும் முதல் பத்து நாளில் ஸ்ட்ரிப்பில் சிக்கனம் பிடிக்காதீர்கள். காலை வெறும் வயிற்றில், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும், மாற்றிய வேளைக்கு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன். இரவு உணவையோ இரவு ஊசியையோ மாற்றிய முதல் சில நாள் விடிகாலை மூன்று மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். வசதி உள்ளவர்கள் சுகரைத் தொடர்ந்து காட்டும், கையில் ஒட்டும் சென்சார் ஒன்றை, இரண்டு வாரத்துக்கு மட்டுமாவது, இந்த நேரத்தில் போட்டுக்கொண்டால் பெரிய நிம்மதி. குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், பழம் நறுக்கிய விரலில் குத்தினால் இல்லாத சர்க்கரையைக் காட்டும், அதை நம்பி ஊசி கூட்டினால் வம்பு. விரல் நுனியில் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

படுக்கும் முன் சுகர் 100-க்குக் கீழே இருந்தால் அப்படியே படுக்காதீர்கள், கொஞ்சம் பாலோ ஒரு இட்லியோ சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுங்கள். மறுநாள் மருத்துவரிடம் இரவு ஊசி பற்றிப் பேசுங்கள். வண்டி எடுக்கும் முன்பும் பாருங்கள்.

லோ சுகர் வந்தால்

70-க்குக் கீழே என்றால் லோ. 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், வார்த்தை குழறுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது எல்லாம் அறிகுறி. மெட்டோபுரோலால், அட்டெனலால், புரோப்ரனலால் மாதிரி பி.பி., இதய மாத்திரை போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போய்விடலாம், வியர்வை மட்டும் வரும்.

உடனே 15 கிராம் குளுக்கோஸ். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. வோக்லிபோஸோ அகார்போஸோ போடுகிறவர்களுக்குச் சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, அந்த மாத்திரை சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவர்கள் சுவை எதுவும் சேர்க்காத குளுக்கோஸ் பொடியைத்தான் வைத்திருக்க வேண்டும். சாக்லேட், லட்டு, பாதாம் எதுவும் இந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். லோ கார்பில் இருக்கிறேனே, சர்க்கரை சாப்பிடலாமா என்று ஒரு நொடிகூட யோசிக்காதீர்கள். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் கொஞ்சம் எதையாவது சாப்பிட்டுவையுங்கள், உள்ளே இருக்கும் இன்சுலின் இன்னும் தீரவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று சட்டைப் பையில், ஒன்று தலைமாட்டில், ஒன்று வண்டியில்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் 250, 300-ல் இருந்த உடம்புக்கு 120 என்பதே லோ மாதிரித் தெரியும், அதே வியர்வை, அதே நடுக்கம். குத்திப் பார்த்து 110, 120 என்று இருந்தால் சர்க்கரை வேண்டாம், உட்கார்ந்து கொஞ்சம் மோர் குடித்தால் அடங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். குத்திப் பார்க்க வழியில்லாத இடத்தில் என்றால் லோ என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் குடித்துவிடுங்கள், அதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

ஒரே வாரத்தில் காரணம் புரியாமல் இரண்டு முறை லோ வந்தால் மறுபடி சோற்றைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். ஊசி அதிகம் என்றுதான் அர்த்தம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் மூன்று வாரத்தில் வேறென்ன வரும்?

தலைவலி, களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு. பெரும்பாலும் உப்பும் நீரும் குறைந்ததால் வருவது, உப்புப் போட்ட மோர், ரசம் குடித்தால் சரியாகும், பி.பி., இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும், போதாவிட்டால் இசப்கோல். பார்வை கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், சுகர் மாறும்போது கண்ணின் லென்சில் நீர் அளவு மாறுவதால் அப்படி ஆகும், ஒரு மாதம் போனபின் புதுக் கண்ணாடி போடுங்கள். பார்வையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ ஒரு பக்கம் மறைத்தாலோ அது வேறு, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

டைப் 1 உள்ளவர்களுக்கு

உங்களுக்கு இன்சுலினைக் குறைக்கலாம், நிறுத்தவே முடியாது. 1921-ல் டொரன்டோவில் இன்சுலினைக் கண்டுபிடிப்பதற்கு முன் மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி மாவைக் குறைத்துப் பட்டினி போடுவதுதான், டைப் 1 குழந்தைகள் அதில் சில காலம் தாக்குப்பிடித்தார்கள், பிழைக்கவில்லை. சாப்பிடாத நாளிலும் அடிப்படை ஊசி, அதாவது கிளார்ஜின் மாதிரி நாள் முழுக்க வேலை செய்வது, போட்டே ஆக வேண்டும். மாவு குறைந்த சாப்பாட்டில் புரதமும் சுகரை ஏற்றும், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மெதுவாக ஏற்றும். வேகமாக வேலை செய்யும் ஊசியைச் சாப்பிடும் முன் மொத்தமாகப் போட்டால் முதலில் லோ, பின்னால் ஹை என்று வருவது இதனால்தான். நேரத்தையும் பிரிப்பையும் உங்கள் நீரிழிவு மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், கீட்டோன் ஸ்ட்ரிப் வீட்டில் வைத்திருங்கள். குழந்தைகளுக்கு வளர்ச்சி இருக்கிறது, அவர்களை வீட்டு முடிவாக லோ கார்பில் போடவே வேண்டாம்.

காய்ச்சல், விருந்து, விரதம்

காய்ச்சலோ வாந்தியோ வந்த நாளில் லோ கார்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கஞ்சி குடியுங்கள். அடிப்படை இன்சுலினை நிறுத்தாதீர்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள், சுகர் 250-க்கு மேல் நின்று வாந்தியும் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மேலே சொன்ன கிளிஃப்ளோசின் மாத்திரை போடுபவர்கள் வாந்தி இருந்தால் சுகர் எவ்வளவு காட்டினாலும் போய்விடுங்கள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பொரியல், கூட்டு, அவியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். மீறிப் பாயசமும் சாப்பிட்டுவிட்டீர்கள், சுகர் 260 என்றால், பயந்துபோய்ப் பழைய பெரிய அளவு ஊசியைப் போடாதீர்கள். சீட்டில் எழுதித் தந்ததற்கு மேல் ஒரு யூனிட்டும் வேண்டாம், தண்ணீர் குடித்து அரை மணி நேரம் நடங்கள், மறுநாள் காலை பாருங்கள். மது குடிப்பவர்களுக்கு அன்றிரவும் மறுநாள் காலையும் லோ வரலாம், மாவு இல்லாத வயிற்றோடு இன்னும் சுலபமாக வரும். சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவானாலும் ஊசி அளவைக் கேட்டு மாற்றாமல் இருக்கக்கூடாது, புதிதாக லோ கார்ப் தொடங்கிய மாதத்தில் விரதத்தைத் தள்ளிவைப்பது உத்தமம்.

முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது சுகரும் ஊசியும் எழுதிவைத்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், நேரில் முடியாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எடை குறையக் குறைய ஊசித் தேவை இன்னும் இறங்கும், முதல் வாரம் சரியாக இருந்த 17 யூனிட் இரண்டாம் மாதத்தில் அதிகமாகிவிடும். மூன்று மாதம் முடிந்ததும் எச்பிஏ1சி, கிரியேட்டினின், கொழுப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், அடுத்து எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்று அந்த எண்களை வைத்துப் பேசுங்கள்.